கோட்டுக்கு வெளியே நிற்பவன்

இரண்டு நிமிடம் பாக்கி, இரண்டு பாயிண்ட் வித்தியாசம். அந்த நேரத்தில் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "யாருப்பா போடப் போறான்?" பெஞ்சில் இருக்கும் எனக்கு அதில் பெரிய கவலை கிடையாது. போடத் தெரிந்தவர்கள் எந்தக் காலேஜ் பேஸ்கட்பால் டீமிலும் இரண்டு பேராவது தேறுவார்கள். சைட்லைனுக்கு வெளியே நின்று, எதிராளி மூஞ்சிக்கு நேராகக் கையை ஆட்டிக்கொண்டிருக்க, ஐந்து செகண்டுக்குள் பந்தைச் சரியான கையில் சேர்ப்பவன் கிடைப்பதற்குள் பாதி சீசன் போய்விடும். இழுபறி ஆட்டங்களில் நாங்கள் ஜெயித்ததும் தோற்றதும் பெரும்பாலும் அவனால்தான்.

வட சென்னையில் ஒரு கல்லூரியின் ஆண்கள் அணிக்குப் பல வருடமாகப் பயிற்சி கொடுத்துவருகிறேன். வீடு காட்டுப்பள்ளிப் பக்கம். பையன்களிலும் பாதிப்பேர் எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி என்று ஒரே ரயில் பாதைக்காரர்கள். அதனால் வார நாட்களில் காலேஜ் கோர்ட், சனி ஞாயிறில் எங்கள் பக்கத்துக் குடியிருப்பு ஒன்றுக்குள் இருக்கும் சிமென்ட் கோர்ட் என்று பழகிப்போய்விட்டது. உயரமான பையன்களை ஸ்காலர்ஷிப் கொடுத்து நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பிளஸ் டூ முடிக்கும் முன்பே கொத்திக்கொண்டு போய்விடும். எங்களுக்கு மிஞ்சுவது ஐந்தடி எட்டு, ஐந்தடி பத்து. ஆறடி ஒருவன் வந்தால் அவனுக்கு நானே டீ வாங்கிக் கொடுப்பேன்.

அந்தச் சிமென்ட் கோர்ட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்டத்தின் கடைசி இரண்டு நிமிடத்துக்கான திட்டம் முழுக்க அங்கே உருவானதுதான். கிழக்கே கடலும் துறைமுகமும். 2013இல் காட்டுப்பள்ளித் துறைமுகம் இயங்க ஆரம்பித்த பிறகு கன்டெய்னர் லாரிகள் ரோட்டில் வால் பிடித்து நிற்பது வழக்கமாகிவிட்டது. நான்கு மணிக்கு வரச் சொன்னால் பைக்கில் வருபவன்கூட நாலரைக்குத்தான் வருவான். தெற்கே காமராஜர் துறைமுகம், பக்கத்திலேயே அனல்மின் நிலையம், இரண்டிலும் நிலக்கரி. கோர்ட்டைப் பெருக்கிவிட்டுத்தான் ஆட்டம். பெருக்கி அரை மணி நேரம் ஆவதற்குள் மெல்லிசாக ஒரு கரிப்பொடி மறுபடி உட்கார்ந்துவிடும். ஷூ பிடிக்காது, திரும்பினால் வழுக்கும். அதற்காக சைட்லைன் ஓரத்தில் ஈரச் சாக்கு ஒன்று போட்டிருப்போம். பந்து வெளியே போன ஒவ்வொரு தடவையும் பையன்கள் அதில் காலைத் துடைத்துவிட்டு உள்ளே வருவார்கள். வெளியூர் டீம் ஒன்று பிராக்டிஸ் மேட்சுக்கு வந்தபோது அந்தச் சாக்கை யாரோ மறந்து போட்டுவிட்டார்கள் என்று எடுத்து மடித்து வைத்தார்கள். முதல் பத்து நிமிடத்தில் மூன்று பேர் விழுந்தார்கள்.

அடுத்தது காற்று. மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று ஏறிவிட்டால், 6.75 மீட்டர் கோட்டுக்குப் பின்னாலிருந்து போடும் த்ரீ பாயிண்டர் ரிங்குக்குப் போகும் வழியில் ஒரு சாண் தள்ளிப்போகும். உள் அரங்கத்தில் பழகிய பையனுக்கு இது புரியவே ஒரு வாரம் ஆகும். எங்கள் பையன்களுக்கோ த்ரீ பாயிண்டரை நம்பிப் பிழைக்க முடியாது என்பது முதல் வருஷமே தெரிந்துவிடும். அதனால் நெருக்கடி வந்தால் ரிங்கை நோக்கித்தான் ஓடுவார்கள். இது குறையாகத் தெரியலாம். கடைசி இரண்டு நிமிடத்தில் இதைவிட நல்ல பழக்கம் வேறு இல்லை.

காரணம், விதிப் புத்தகம். ஒரு குவார்ட்டரில் ஒரு அணியின் ஃபவுல் நான்கைத் தாண்டிவிட்டால், அதற்குப் பிறகு தடுக்கும்போது செய்யும் ஒவ்வொரு ஃபவுலுக்கும் எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. நான்காவது குவார்ட்டரின் கடைசிக்கு வரும்போது பெரும்பாலும் இரண்டு அணிகளுமே அந்த நான்கைத் தாண்டியிருக்கும். இருபதடிக்கு வெளியிலிருந்து போட்டுக்கொண்டிருப்பவனை யாரும் ஃபவுல் செய்ய மாட்டார்கள். உள்ளே நுழைபவனைத்தான் இடிப்பார்கள். இடித்தால் கடிகாரம் நிற்கும், யாரும் தடுக்காத இரண்டு வாய்ப்பு. உயரம் இல்லாத அணிக்கு இதுதான் பிழைக்கும் வழி. ஆகவே எங்கள் ஃப்ரீ த்ரோ பயிற்சி ஆரம்பத்தில் கிடையாது. ஓடிக் களைத்து, மூச்சு வாங்கும்போதுதான்.

கடைசி இரண்டு நிமிடத்தில் ஆட்டத்தின் குணமே மாறிவிடும். அதுவரை பாஸ்கெட் விழுந்தாலும் ஓடிக்கொண்டிருந்த கடிகாரம், இப்போது விழுந்தவுடன் நிற்கும். டைம்-அவுட் எடுத்தால், நம் பாதியிலிருந்து ஆரம்பிக்க வேண்டிய பந்தை எதிர்ப் பாதியின் சைட்லைனுக்குக் கொண்டுபோய் அங்கிருந்து ஆரம்பிக்கலாம். அப்படிக் கொண்டுபோனால் பந்தைப் போட 14 செகண்டுதான். நம் பாதியிலேயே ஆரம்பித்தால் முழு 24. எது வேண்டும் என்பதை கோச் சொல்ல வேண்டும். பின்தங்கியிருக்கிறோமா, முன்னே இருக்கிறோமா, எத்தனை செகண்டு இருக்கிறது, எதிரணி பிரஸ் போட்டு நெருக்குமா, எல்லாவற்றையும் அந்த ஒரு நிமிடத்துக்குள் கணக்குப் பார்த்தாக வேண்டும். இரண்டாம் பாதிக்கு மூன்று டைம்-அவுட் உண்டு. ஆனால் கடைசி இரண்டு நிமிடத்துக்குள் இரண்டுக்கு மேல் எடுக்க முடியாது. மூன்றையும் பத்திரமாகப் பொத்தி வைத்திருக்கும் கஞ்சனுக்கு ஒன்று வீணாய்ப் போகும்.

இன்னொன்றையும் பையன்களுக்கு அடித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. டிவியில் அமெரிக்க ஆட்டம் பார்த்துப் பார்த்து, மாட்டிக்கொண்டால் கையால் டி போட்டு டைம்-அவுட் கேட்கிறார்கள். நாம் ஆடும் சர்வதேச விதியில் ஆட்டக்காரன் கேட்டால் செல்லாது. கோச்சோ துணை கோச்சோ ஸ்கோரர் டேபிளில் போய்க் கேட்க வேண்டும், அதுவும் பந்து ஓயும்போதுதான் கிடைக்கும். ரெஃப்ரி பந்தை த்ரோ-இன் செய்பவன் கையில் கொடுத்துவிட்டால் அவனைக் காப்பாற்ற யாராலும் முடியாது. ஐந்து செகண்டுக்கு அவன்தான் ராஜா, அவன்தான் அநாதை.

அந்த ஐந்து செகண்டை நாங்கள் பாடமாகவே படித்தோம். முதல் இரண்டு எண்ணுக்குள் முதல் ஆளைப் பார். அவனைப் பிடித்துவிட்டார்களா, மூன்றில், எதிராளியை மறித்து நின்று பிக் வைத்துவிட்டு ரிங்குக்குத் திரும்புகிறவனைப் பார். நான்கில் எல்லோருக்கும் பின்னால் மெதுவாக வருகிற கடைசி ஆள். அதுவும் அடைத்திருந்தால், உன் முன்னால் குதித்துக்கொண்டிருப்பவன் காலில் பந்தைத் தட்டு. அவன் காலில் பட்டு வெளியே போனால் பந்து மறுபடி நமக்குத்தான், எண்ணிக்கையும் புதிதாக ஆரம்பிக்கும். முகத்தில் அடிக்கக் கூடாது, அடித்தால் வேறு கதை. பாஸ்கெட் வாங்கிய பிறகு பேஸ்லைனிலிருந்து கொடுப்பதாக இருந்தால் கோட்டுக்குப் பின்னால் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஓடலாம். சைட்லைனில் அந்த வசதி இல்லை, ஒரு மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் நகர்ந்தால் பந்து போய்விடும். ரொம்ப நல்ல பையன்கள்கூட பதற்றத்தில் இந்த இரண்டையும் மாற்றிப் போட்டுவிடுவார்கள்.

எங்களுக்கு வாய்த்த மிகச் சிறந்த த்ரோ-இன் ஆள் ஒரு மீனவக் குப்பத்துப் பையன், ஜெர்சி நம்பர் பதினொன்று. அவன் நன்றாகக் கொடுத்ததற்குக் காரணம் வலை வீசிப் பழகிய கை என்று காலேஜில் எல்லோரும் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அவன் வலையைத் தொட்டதே அபூர்வம். அப்பாவும் அண்ணனும்தான் கடலுக்குப் போனார்கள். அவன் குப்பத்து வாலிபால் டீமில் செட்டர். நம் கடற்கரைக் குப்பங்களில் மணலில் வலையைக் கட்டி சாயந்திரமானால் வாலிபால் ஆடுவது தெரிந்ததுதானே. செட்டர் என்றால் பந்தைத் தானே அடிக்காமல், அடிப்பவன் எகிறும் உயரத்துக்கு, அவன் கை வந்து சேரும் நேரத்துக்குப் போட்டுக்கொடுப்பவன். எதிராளியை ஏமாற்ற ஒரு பக்கம் பார்த்து மறு பக்கம் கொடுப்பவன். பேஸ்கட்பாலில் மூன்றாவது வருஷ ஆட்டக்காரர்களுக்குக்கூட வராத அந்த ஏமாற்றுக் கண் இவனுக்கு முதல் நாளே இருந்தது. டிரிபிள் சுமார். ஷூட்டிங் அதைவிடச் சுமார். ஆனால் கடைசி இரண்டு நிமிடத்துக்கு அவனைத்தான் உள்ளே இறக்குவேன். ஆரம்பத்தில் மற்ற பையன்களுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

அப்படி ஒருவனை அந்த ஒரு வேலைக்காகவே இறக்குவது என் கண்டுபிடிப்பு இல்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில் அமெரிக்கா 50, சோவியத் யூனியன் 49, பாக்கி மூன்று செகண்டு. குழப்பத்தில் அந்த மூன்று செகண்டை மறுபடி மறுபடி ஆட வைத்தார்கள். அந்தச் சண்டை இன்றுவரை ஓயவில்லை. அது கிடக்கட்டும். சோவியத் கோச் கோந்திராஷின் கடைசி பாஸுக்காக இவான் எதெஷ்கோவை உள்ளே அனுப்பினார். அவர் ஒரு பேஸ்லைனிலிருந்து மறு ரிங்குக்கு எறிந்தார், அலெக்சாண்டர் பெலோவ் பிடித்துப் போட்டார், 51-50. 1992இல் அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் டியூக்குக்கு 2.1 செகண்டு பாக்கி. கிராண்ட் ஹில் முக்கால் கோர்ட் தூரம் எறிந்தார், கிறிஸ்டியன் லேட்னர் பிடித்துத் திரும்பிப் போட்டார், 104-103. எல்லோருக்கும் லேட்னர்தான் ஞாபகம். நான் பையன்களுக்கு அந்த வீடியோவைப் போடும்போது பேஸ்லைனில் ஹில் முன்னால் யாருமே நிற்கவில்லை என்பதைத்தான் காட்டுவேன். எதிரணியான கென்டக்கியின் கோச் ரிக் பிட்டினோ அங்கே ஆள் போடவில்லை. பந்து கொடுப்பவனைச் சும்மா விட்டதன் விலை அது.

எனக்குப் பிடித்தது 2016 அமெரிக்கக் கல்லூரி இறுதி ஆட்டம். வில்லனோவாவும் நார்த் கரோலினாவும் 74-74, 4.7 செகண்டு. பேஸ்லைனிலிருந்து பந்தை உள்ளே கொடுத்தது வில்லனோவாவின் கிரிஸ் ஜென்கின்ஸ். சக ஆட்டக்காரர் ஆர்ச்சிடியாகனோ அதை ஓட்டிக்கொண்டு போக, எல்லோர் கண்ணும் பந்தின் மேல். கொடுத்துவிட்டு நிதானமாகப் பின்னாலேயே ஓடிவந்த ஜென்கின்ஸை ஒருவரும் கவனிக்கவில்லை. பந்து அவரிடமே திரும்பி வந்தது, த்ரீ பாயிண்டர், ஆட்டம் முடிந்தது.

எங்கள் திட்டங்களுக்குப் பையன்கள் வைத்த பெயர் எல்லாம் ரயில்வே ஸ்டேஷன்கள்தான். சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி லைனில் எந்த ஸ்டேஷன் முதலில் வருமோ அது சீக்கிரம் முடிகிற திட்டம். "எண்ணூர்" என்றால் வாங்கியவுடன் ரிங்குக்கு. "மீஞ்சூர்" என்றால் ஒரு தடவை பந்தைப் பக்கம் மாற்றிவிட்டு. "பொன்னேரி" என்றால் கடிகாரத்தைச் சாப்பிட்டுவிட்டுப் போ. நகரத்துக் கல்லூரிகளுக்கு இது ஒன்றும் புரியாது. பக்கத்து ஊர்க் கல்லூரி ஒன்று மட்டும் ஒரே ஆட்டத்தில் கண்டுபிடித்துவிட்டது. அந்த டீமின் பாயிண்ட் கார்டு தினமும் பொன்னேரியிலிருந்து அதே ரயிலில் வருகிறவன்.

"பொன்னேரி"யில்தான் எனக்கும் பையன்களுக்கும் ஓயாத தகராறு. இரண்டு பாயிண்ட் முன்னே இருந்தால் நடுக்கோர்ட்டில் பந்தைத் தட்டிக்கொண்டே நின்றுவிடத் தோன்றும். அந்தக் காலத்துக்காரர்களைக் கேட்டால் அதுதான் புத்திசாலித்தனம் என்பார்கள். அவர்கள் ஆடியது 30 செகண்டு, இருபது இருபது நிமிடப் பாதிகள். 2000க்குப் பிறகுதான் 24 செகண்டும் நான்கு குவார்ட்டரும் வந்தன. அமெரிக்கக் கல்லூரிகளில் 1980களின் நடுப்பகுதி வரை ஷாட் கிளாக்கே கிடையாது. நார்த் கரோலினாவின் டீன் ஸ்மித் நான்கு மூலையில் நான்கு பேரை நிறுத்திப் பந்தை உருட்டிக்கொண்டே நேரத்தைக் கரைப்பார். 1982இல் அப்படிப் பட்டத்துக்கான ஆட்டம் ஒன்று 47-45 என்று முடிந்து, பார்த்தவர்கள் கடுப்பானதும் ஷாட் கிளாக் வந்ததற்கு ஒரு காரணம். இன்றைக்கு 24 செகண்டில் பதினெட்டு செகண்டு நின்றுவிட்டு மீதி ஆறில் அவசர அவசரமாக ஒரு கோணல் ஷாட் போடுவதற்குப் பெயர் நிதானம் இல்லை. ஷாட் கிளாக்கில் பத்து இருக்கும்போதே உள்ளே நுழைய ஆரம்பித்தாக வேண்டும் என்பது என் கட்சி. ஷாட் தவறினாலும் ரீபவுண்டுக்குப் போராட நேரம் இருக்கும், ரீபவுண்ட் எடுத்தால் இன்னொரு 14 செகண்டு கிடைக்கும்.

குவார்ட்டர் முடிய நாற்பது செகண்டு இருக்கும்போது பந்து கைக்கு வந்தால் அவசரப்படுவதில் தப்பில்லை என்பதையும் அவர்கள் தலையில் ஏற்ற வேண்டியிருந்தது. முப்பத்தைந்துக்கு முன்பே போட்டுவிட்டால், எதிரணி 24 முழுதையும் சாப்பிட்டாலும் நமக்குக் கடைசியில் இன்னொரு வாய்ப்பு மிஞ்சும். கடைகளில் சில்லறை எண்ணிப் பழகிய பையன்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.

இதெல்லாம் கடிகாரம் கண்ணுக்குத் தெரிந்தால்தானே. சென்னை காலேஜ் வட்டாரத்தில் லயோலாவின் பெர்ட்ராம் போட்டி மாதிரிப் பெரிய ஆட்டங்களை விட்டுவிட்டால், வெட்டவெளிக் கோர்ட்டுகள் பலவற்றில் ஷாட் கிளாக் என்பது டேபிளில் உட்கார்ந்திருப்பவர் கையில் இருக்கும் ஸ்டாப் வாட்ச். பத்து செகண்டு இருக்கும்போது கையைத் தூக்குவார், அல்லது டீ குடித்துக்கொண்டிருப்பார். அதனால் எங்கள் பெஞ்ச் சத்தமாக எண்ணும். அதுவும் இரண்டு குறைத்தே எண்ணும்: உண்மையில் ஏழு இருந்தால் "ஃபைவ்". இது தெரிந்த எதிரணி ஆதரவாளர்கள் எட்டு செகண்டு இருக்கும்போதே "த்ரீ, டூ, ஒன்" என்று கோரஸாகக் கத்துவார்கள். நம் பையன் பதறிப்போய் முக்கால் கோர்ட்டிலிருந்து எறிந்துவிடுவான். அதற்கு மருந்து, சனிக்கிழமை பிராக்டிஸில் எங்கள் பெஞ்சையே பொய்யாக எண்ண வைப்பதுதான்.

ஒவ்வொரு பிராக்டிஸும் அந்தக் கடைசி இரண்டில்தான் முடியும். ஒரு பாயிண்ட் பின்னே, ஒரு நிமிடம் நாற்பது செகண்டு, டீம் ஃபவுல் ஐந்து, டைம்-அவுட் ஒன்று என்று சாக்பீஸால் தரையில் எழுதிவிடுவேன். தோற்ற பக்கம் அடுத்த நாள் கோர்ட்டைப் பெருக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது மட்டும் பல வாரம் பிராக்டிஸ் இல்லை. பாதிப் பையன்கள் வீட்டுப் படகுகளையும் வலைகளையும் துடைத்துக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்தபோது கால்கள் கனத்திருந்தன. பேசாமல் ஃப்ரீ த்ரோவிலிருந்து ஆரம்பித்தோம்.

பதினொன்றாம் நம்பரின் கடைசி வருஷ அரையிறுதி ஒன்று. ஒரு பாயிண்ட் பின்னே, ஆறு செகண்டு, எங்களுக்குப் பந்து. டைம்-அவுட் எடுத்து எதிர்ப் பாதி சைட்லைனுக்குக் கொண்டுபோனேன். அவர்கள் ஆறடி மூன்று அங்குலப் பையனைக் கோட்டில் நிறுத்தினார்கள். இவன் என்னைத் திரும்பிப் பார்த்து, "சார், கைய விரிச்சுக்கினு நிக்கறான் சார், ஒண்ணும் தெரியல" என்றான்.

"கைக்கு மேல பாக்காதடா, காலாண்ட பாரு."

"எண்ணூர்" சொல்லி நால்வரும் சதுரமாக நின்றார்கள். ஷூட்டர் எட்டாம் நம்பர் மூலைக்கு ஓட, அவனுக்குப் பிக் வைக்க நான்காம் நம்பர் மேலே வந்தான். எதிரணியில் இரண்டு பேரும் எட்டின் பின்னாலேயே போனார்கள், ஊருக்கே தெரியும் அவன்தான் போடுவான் என்று. பதினொன்று கண்ணும் தோளும் எட்டின் பக்கம் காட்டி, பந்தைத் தலைக்கு மேல் தூக்கினான். உயரமானவன் எகிறினான். எகிறியவன் கீழே வருவதற்குள் அவன் கணுக்காலை ஒட்டித் தரையில் ஒரு பவுன்ஸ். பிக் வைத்துவிட்டு ரிங்குக்குத் திரும்பிய நான்காம் நம்பர் கையில் அது இடுப்புயரத்தில் வந்து சேர்ந்தது. லே-அப்புக்கு எகிறினான், பின்னாலிருந்து இடி, விசில். இரண்டு ஃப்ரீ த்ரோ. முதலாவது விழுந்தது. இரண்டாவது ரிங்கில் இரண்டு தடவை குதித்துவிட்டு வெளியே வந்தது. ஐந்து நிமிட ஓவர்டைம். எங்கள் இருவர் ஐந்து ஃபவுலில் வெளியே போக, நான்கு பாயிண்டில் தோற்றோம்.

அடுத்த நாள் எல்லோரும் அந்த இரண்டாவது ஃப்ரீ த்ரோவைப் பற்றியே பேசினார்கள். நான்காம் நம்பர் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவன் அம்மா போனில் சொன்னார். பதினொன்றின் பாஸைப் பற்றி டிபார்ட்மென்ட்டில் ஒருவர் வாய் திறக்கவில்லை. ஆட்டம் முடிந்து கை கொடுக்க வந்த எதிரணி கோச் மட்டும் என்னிடம், "யாரு சார் அந்தப் பையன், வாலிபாலா?" என்று கேட்டார். தொழில் தெரிந்தவர்.

2022இலிருந்து விதி இப்படி. கடைசி இரண்டு நிமிடத்தில், பந்து உள்ளே வரும் முன்பே எங்கள் ஆளைப் பிடித்து ஃபவுல் செய்தால், பிடிக்கப்பட்டவனுக்கு ஒரு ஃப்ரீ த்ரோ, பந்தும் மறுபடி எங்களுக்கே.  ஷூட்டரை ஜெர்சியோடு பிடித்து வைத்துக்கொள்ளத் தயங்குகிறார்கள். அதனால் த்ரோ-இன் ஆளின் மதிப்பு இன்னும் ஏறியிருக்கிறது. பெரிய கல்லூரிகளும் இதைக் கவனிக்க ஆரம்பித்துவிட்டன. எங்கள் லாபம் எத்தனை நாளைக்கோ.

இந்த வருஷம் அந்த இடத்துக்கு முதல் வருஷப் பையன் ஒருவனைப் பழக்கிக்கொண்டிருக்கிறேன். மீஞ்சூர். கை நல்ல கை. ஒரே கெட்ட பழக்கம், யாருக்குக் கொடுக்கப் போகிறானோ அவனையே முறைத்துப் பார்ப்பான். கண்ணைக் கட்டுப்படுத்த, கொடுக்கும் வரை எதிர் ரிங்கைப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்லியிருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை அவனுக்குப் பொறுக்கவில்லை.

"சார், எப்பப் பாரு நானே வெளிய நின்னு குடுத்துக்கினு இருந்தா, நான் எப்ப சார் பாஸ்கெட் போடறது?"

"குடுத்துட்டு அங்கயே நிக்காத. அஞ்சு எண்ணு, அப்புறம் மெதுவா உள்ள நடந்து வா. உன்ன ஒருத்தனும் பாக்க மாட்டான்."

அவன் நம்பவில்லை. மறுபடி சைட்லைனுக்குப் போய் ஷூவைச் சாக்கில் துடைத்துக்கொண்டு, "சார், அஞ்சு ஜாஸ்தி. மூணு எண்ணட்டா?" என்றான்.